பாடத்திட்டத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ஒரு பொறியியல் கல்லூரியின் பாடத்திட்டம் தரமானதா என்று கேட்டால், நமக்குக் காட்டப்படுவது தேர்ச்சி விகிதமும் வளாக நேர்காணலில் வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையும்தான். இவை பாடத்திட்டத்தை அளப்பதில்லை. வினாத்தாள் எளிதாக அமைந்தால் தேர்ச்சி கூடும், ஐ.டி. நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தால் வேலைவாய்ப்பு சரியும். பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாறியிருக்காது. சேரும்போது மாணவருக்கு என்ன தெரிந்திருந்தது, முடிக்கும்போது என்ன தெரிகிறது என்ற வித்தியாசத்தைத்தான் அளக்க வேண்டும்.

அப்படி அளக்க முடியும் என்பதற்குப் பொறியியலின் அடித்தளமான இயக்கவியலிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹெஸ்டனஸ் குழுவினர் 1992இல் ஒரு தேர்வை வெளியிட்டார்கள். அதில் சூத்திரம் கிடையாது. பெரிய லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள்தான். ஹார்வர்டில் பாடப்புத்தகக் கணக்குகளைச் சரளமாகப் போட்ட மாணவர்கள் பலரும் இத்தகைய கேள்விகளில் தடுமாறியதை எரிக் மஸூர் கண்டார். 1998இல் ரிச்சர்ட் ஹேக், 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் இத்தகைய தேர்வு முடிவுகளைத் தொகுத்தார். தொடக்கத்தில் தெரியாதிருந்ததில், வழக்கமான விரிவுரை வகுப்புகளின் மாணவர்கள் சராசரியாக 23 சதவீதத்தையே கற்றுக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் தமக்குள் விவாதித்துத் தவறுகளை உடனுக்குடன் திருத்திக்கொண்ட வகுப்புகள் 48 சதவீதத்தை எட்டின. பாடத்தலைப்புகளை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. கற்றதன் விளைவைக் காட்டும்படி தேசிய அங்கீகார வாரியமும் கேட்கிறது. நோக்கம் சரியானது. ஆனால், பாட விளைவையும் (சிஓ) படிப்பின் விளைவையும் (பிஓ) இணைத்துக் காட்டப் பேராசிரியர்கள் இரவு பகலாக நிரப்பும் சிஓ-பிஓ அட்டவணைகளுக்கு அடிப்படை பெரும்பாலும் அதே செமஸ்டர் மதிப்பெண்தான். மனப்பாடத்தைச் சோதித்த தேர்வின் மதிப்பெண்ணை எத்தனை கட்டங்களில் பிரித்து எழுதினாலும் அது புரிதலின் அளவாகிவிடாது.

வேலை கிடைத்தால் போதாதா என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. கடன் வாங்கிப் படிக்கவைப்பவர்கள் அவர்கள். முதல் வேலை நேர்காணலில் கிடைத்துவிடலாம், அதில் நிலைக்கவும் துறை மாறும்போது ஈடுகொடுக்கவும் அடிப்படை வேண்டும். ஹெஸ்டனஸுடையது போன்ற கருத்துத் தேர்வு வடிவமைப்புத் திறனை அளக்காது என்பதும் உண்மை. அதற்கு இறுதியாண்டு புராஜெக்டை வெளிப் பொறியாளர்கள் மதிப்பிடட்டும். பட்டம் பெற்று ஐந்தாண்டு ஆனவர்களிடம் எது உதவியது, எது உதவவில்லை என்று கல்லூரிகள் கேட்கட்டும். ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். அட்டவணை நிரப்பும் நேரத்தில் பாதியை விடுவித்தாலே, பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சிறு தேர்வு வைத்துவிடலாம். அதன் முடிவைக் கல்லூரிகள் வெளியிடவும் வேண்டும். நான்கு ஆண்டுகளை ஒப்படைக்கும் மாணவருக்கு அதை அறியும் உரிமை இருக்கிறது.