பெரு நாட்டு மீன், நம் வீட்டு அடுப்பில்

வேலை முடிந்து வீடு திரும்பவே மணி ஆறாகிவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பசி. மசாலை அரைத்துக் குழம்பு கூட்டப் பொழுதில்லை. மீனைப் பொரித்துப் பொரித்தும் அலுத்துவிட்டது. அப்படிப்பட்ட ஒரு நாளுக்காகத்தான், வாசகியரே, இந்தப் பக்குவம்.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கடற்கரையில் 'செவிச்சே' என்றோர் உணவு பிரபலம். பச்சை மீனைத் துண்டு போட்டு எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்த்துப் பிசறி, அடுப்பில் ஏற்றாமலே உண்கிறார்கள். பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும் இருக்கும். 2023-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. மீன் ஊறிய புளிப்புச் சாற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'புலிப்பால்'! (ஐயப்பன் காட்டுக்குப் போய்க் கொண்டுவந்தது வேறு.)

பச்சை மீனா என்று முகம் சுளிக்காதீர்கள். சரவாக்கின் மெலனாவ் மக்கள் உண்ணும் 'உமாய்', சபாவில் கடசான் மக்கள் உண்ணும் 'ஹினாவா' இரண்டும் இதே இனந்தான்.

ஆனாலும் நம் வீட்டில் பச்சையாக வேண்டாம். எலுமிச்சையின் புளிப்புப் பட்டதும் மீன் வெந்ததுபோல் வெளுத்து இறுகும், அது பார்வைக்குத்தான். கிருமிகளையும் புழுவையும் அந்தப் புளிப்பு நம்பகமாகக் கொல்லாது. 1991-இல் பெருவில் காலரா பரவி, அவ்வாண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். கெட்ட தண்ணீரே முதற்காரணம் என்றாலும், பச்சைக் கடலுணவும் அதில் சேர்ந்தது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் எதற்கு இந்தச் சோதனை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்ட் கிள்ளானில் இருப்பவர்களுக்கு, எதிரே புலாவ் கெத்தாமில் மீனவர் கிராமமே இருப்பதால், புது மீன் கிடைப்பது எளிது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கோ மீன் வெயிலில் வெகுதூரம் வந்து சேர்கிறது. கெம்போங், தெங்கிரி போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஒருவித நஞ்சு ஊறும். தின்றால் முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே ஐஸில் கிடக்கும் மீனாக, செவுள் சிவந்து கண் துருத்தியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

நால்வருக்கு அரைக் கிலோ தெங்கிரி போதும். முதலில் இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் ஒரு சோளக் கதிரையும் அவிய விடுங்கள். ஒரு பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து உப்பு நீரில் போடுங்கள், காரம் அடங்கும். இரண்டு குவளைத் தண்ணீரில் தட்டிய இஞ்சி, ஒரு தண்டு செராய், உப்பு போட்டுக் கொதித்ததும், முள் நீக்கி ஓர் அங்குலத் துண்டுகளாக்கிய மீனை இறக்கித் தீயைக் குறையுங்கள். ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். துண்டைப் பிட்டால் உள்ளே கண்ணாடிபோல் இராமல், வெண்மையாக ஏடு ஏடாகப் பிரிய வேண்டும்.

அடுப்பை அணைத்த பிறகே ஆறேழு லீமாவ் கஸ்தூரியைப் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும். வெங்காயம், கொத்தமல்லித் தழை, கீறிய மிளகாய் சேருங்கள். பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு மிளகாயைப் போடுவது நல்லது.

கிண்ணத்தில் சூடான சோறு, மேலே மீன், ஓரத்தில் கிழங்கும் சோளமும். மீன் வெந்த சாற்றை இரண்டு அகப்பை ஊற்றிக் கொடுங்கள். பெருநாட்டார் இதைச் செவிச்சே என்று ஒப்ப மாட்டார்கள்; ஒப்பாவிட்டால் போகட்டும். தெங்கிரி விலை எட்டாத வாரத்தில் கெம்போங் போதும், முள்ளை மட்டும் பொறுமையாக எடுங்கள்.