மருந்தடிப்பதும் ஒரு முடிவு. அடிக்காமல் இருப்பதும் ஒரு முடிவு

பக்கத்து வயலில் தெளிப்பான் சத்தம் கேட்டதும் நம் வயலுக்கும் மருந்து வாங்க ஓடுகிறோம். கேட்டால், ‘அடிப்பதென்று முடிவு பண்ணிவிட்டேன்’ என்கிறோம். ஆனால், இருக்கும் வழிகளின் செலவையும் பலனையும் எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அதற்கு முடிவெடுத்தல் என்று பெயர். அதற்கு நம் வயலின் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

நெல்லில் புகையானை எடுத்துக்கொள்வோம். வயலின் குறுக்கே நடந்து, ஆங்காங்கே பத்து குத்துகளைச் சாய்த்து, தூரின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். புகையான்களை எண்ணும்போது சிலந்திகளையும் எண்ணுங்கள். சிலந்தி புகையானைப் பிடித்துத் தின்னும். கூலி கேட்காத வேலையாள்.

சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான். இதுவே ‘பொருளாதார சேத நிலை’. குத்துக்குச் சராசரியாக 20 தூர்கள் என்றால், சிலந்தி இல்லாதபோது 20 பூச்சிகளும், இருக்கும்போது 40 பூச்சிகளும் எல்லை. பூச்சியால் வரும் இழப்பு, மருந்துக்கும் கூலிக்கும் ஆகும் செலவைத் தாண்டும் முன்பே நம்மை எச்சரிப்பது இந்த எல்லை.

எண்ணிக்கை இதற்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டாம். தண்ணீரை வடித்துவிட்டு, யூரியா மேலுரத்தைத் தள்ளிப்போட்டு, மூன்று, நான்கு நாளில் மறுபடியும் எண்ணுங்கள். சும்மா இருப்பதாக யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். தேவையில்லாத தெளிப்பு சிலந்தியைத்தான் முதலில் கொல்லும். அதிலும் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால் புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகும்.

எல்லையைத் தொட்டுவிட்டால் தாமதிக்கவும் கூடாது. வேளாண் அலுவலரிடம் கேட்டு, பரிந்துரைத்த மருந்தை, பரிந்துரைத்த அளவில், தண்ணீரை வடித்தபின் தூரின் அடிப்பகுதியில் படும்படி தெளியுங்கள். இலை மேல் மட்டும் தெளித்தால் அடியில் இருக்கும் பூச்சிக்கு மருந்து சேராது.

எண்ணிய தேதி, பூச்சி, சிலந்தி, செய்த வேலை, ஆன செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.