யானைக்கால் புழுவும் உடலின் மூக்கணாங்கயிறும்

நெய்வேலி நகரியத்தைச் சுற்றி முந்திரியும் பலாவும் நிலக்கடலையும் பயிரிடும் உங்களுக்கு யானைக்கால் நோய் புதியதன்று. ஆனால் அந்தப் புழு, தட்டிக் கேட்பாரின்றி நம் உடலில் பல ஆண்டுகள் எப்படிக் குடியிருக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே.

சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும்போது இளம்புழு தோல் வழியே உட்புகுகிறது. வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் ஐந்தாறு ஆண்டுகள்கூட உயிரோடிருக்கும். அவை ஈனும் நுண்புழுக்கள் இரவில் இரத்தத்தில் சுற்றிவரும்.

இத்தனை நாளும் உடலின் காவல் என்ன செய்கிறது? முரட்டுக் காளையை ஏரில் பூட்டுமுன் மூக்கணாங்கயிறு போடுகிறோம் அல்லவா? இல்லையேல் அது பயிரையே மிதித்துவிடும். டி-செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்கும் இயற்கை அத்தகைய கயிறு போட்டிருக்கிறது. அவற்றின் மேற்புறத்திலுள்ள சி.டி.எல்.ஏ-4, பி.டி-1 என்னும் புரதங்களே அவை. கயிறு இழுபட்டால் செல்லின் தாக்குதல் தணியும். இதை அவிழ்த்துப் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்ய வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

புழு இந்தக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சென்னையிலிருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெளியே நோய்க்குறி ஏதுமின்றிப் புழுவைச் சுமப்பவர்களைவிட, கால் வீங்கியவர்களிடம் சி.டி.எல்.ஏ-4 போன்ற அடக்கும் பொருள்கள் குறைவாகவும், அழற்சியூட்டும் செல்களின் வேகம் மிகுதியாகவும் காணப்பட்டன. கயிறு இறுகியவரிடம் புழு சுகமாக வாழ்கிறது; தளர்ந்தவரிடம் காளை வயலை மிதிக்கிறது.

ஊரில் நாம் வீங்கிய காலைக் கண்டு ஒதுங்குகிறோம். பெரும்பாலும் அவர் இரத்தத்தில் நுண்புழு இராது. திடகாத்திரமாகக் களை வெட்டும் பக்கத்து வயல்காரரிடமிருந்தே கொசு அதை எடுத்துச் செல்லக்கூடும்!

அப்படியானால் கயிற்றை அவிழ்க்கும் ஊசியை இதற்கும் போடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. மலேரியா கண்ட சுண்டெலிகளில் சி.டி.எல்.ஏ-4ஐத் தடுத்துப் பார்த்தபோது நோய் முற்றியது. யானைக்கால் புழுவுக்கு டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகளே உண்டு. 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் ஆண்டுக்கொரு முறை மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது, விழுங்கியபின் காய்ச்சல் வருகிறதென்று பலர் அஞ்சினர். சிலர் வாங்கி மாடத்தில் வைத்துவிட்டனர். அக்காய்ச்சல் பெரும்பாலும் நுண்புழுக்கள் மடிவதால் வருவது. ஓரிரு நாளில் தணிந்துவிடும். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் இம்மாத்திரை ஆகாது.

கால் ஏற்கெனவே வீங்கியிருந்தால், சேற்றிலிருந்து கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றித் துடைக்கவும். வெடிப்பின் வழியே கிருமி புகுவதால்தான் அடிக்கடி குளிர்காய்ச்சல் கண்டு வீக்கம் பெருக்கிறது. இரவில் காலைச் சற்று உயர்த்தி வைத்துப் படுக்கவும். வெடிப்பில் சுண்ணாம்போ சாணமோ தடவாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் களிம்பு கேட்டு வாங்கிப் போடவும்.