விளையாட்டுப் பொருள்களும் மரச்செதுக்கு அச்சும்: வடசென்னை நோக்கில் ஓர் அறிமுகம்

மரப்பலகை ஒன்றில் வேண்டிய உருவை வரைந்து, வேண்டாத இடங்களை உளியால் அகற்றி, எஞ்சி நிற்கும் மேட்டில் மை பூசித் தாளில் ஒற்றி எடுப்பது மரச்செதுக்கு அச்சு எனப்படும். வரையறை இவ்வளவே. ஓவியன் கோட்டை இடுகிறான். செதுக்குவோனோ கோட்டைத் தொடாமல் அதன் சுற்றத்தை எல்லாம் எடுக்கிறான். தாளில் வெண்மையாக நிற்பது பலகையில் பள்ளம். கருமையாக நிற்பது மேடு. அன்றியும் பலகையின் இடப்பக்கம் தாளில் வலப்பக்கம் ஆகிவிடும். இவ்விரு தலைகீழ்களும் கைக்குப் பழகிவிட்டால் பாதிக் கலை கைவந்தது எனலாம்.

நம் துறை மாணவர் சிலர் இக்கலையைப் பயில விரும்பியபோது, எதைச் செதுக்குவது என்னும் வினா எழுந்தது. கலங்கரை விளக்கம், ரயில் நிலையம், துறைமுகப் பாரந்தூக்கி என்று பலவும் சொன்னார்கள். அவரவர் சிறுவயதில் கையாண்ட விளையாட்டுப் பொருளைச் செதுக்குங்கள் என்றோம். பாரந்தூக்கியைத் தொலைவிலிருந்து கண்டிருக்கிறோம். பம்பரத்தின் எடையோ உள்ளங்கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததைச் செதுக்குவது தொடக்கத்தில் எளிது.

விளையாட்டுப் பொருளைப் போற்றுதல் தமிழுக்குப் புதிதன்று. தச்சர் செய்து கொடுத்த, ஏறி ஊர இயலாத சிறுதேரை உருட்டித் திரியும் சிறுவரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பட்டினப்பாலை காட்டும் சிறுதேருக்குக் கால் மூன்று. இன்றும் நடைபழகும் குழந்தைக்கு வாங்கித் தரும் நடைவண்டிக்கு உருளை மூன்றுதான். பிள்ளைத்தமிழில் சிறுபறையும் சிறுதேரும் தனித்தனிப் பருவங்களாயின. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் இறைநேசர்கள் மீதும் நம் புலவர் பெருமக்கள் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளமையை இம்மலரின் வாசகர் நன்கு அறிவர்.

ஆயினும் விளையாட்டுப் பொருள்களை மட்டுமே கருவாகக் கொண்டு, மர அச்சிலேயே ஒரு பெருநூல் செய்த பெருமை ஜப்பானியருக்கு உரியது. ஷிமிசு செய்ஃபூ (1851-1913) என்பவர் தம் நாட்டின் ஊர்தோறும் வழங்கிய பொம்மைகளைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றையும் வரைந்து, மரப்பலகையில் செதுக்குவித்து, வண்ண அச்சாக வெளியிட்டார். நூலின் பெயர் 'உனாய் நோ தோமோ'; குழந்தைகளின் தோழன் என்று பொருள் கொள்ளலாம். முதல் தொகுதி 1891இல் வந்தது. ஆறு தொகுதிகள் அவர் வரைந்தவை. அவருக்குப்பின் நிஷிசாவா தெகிஹோ என்னும் ஓவியர் மேலும் நான்கு தொகுதிகள் வரைந்து பத்தாக நிறைவித்தார். அக்காலத்தில் மேலைநாட்டுப் பண்டங்களும் ஆலைப் பொருள்களும் ஜப்பானுள் பெருகி வந்தன. களிமண்ணிலும் மரத்திலும் காகிதக்கூழிலும் செய்த ஊர்ப் பொம்மைகள் மறைந்து கொண்டிருந்தன. மறையும் பொருளை, தானும் பின்தங்கத் தொடங்கிய ஓர் அச்சுமுறையிலேயே அவர் காத்தார் என்பது நம்மைப் பெரிதும் கவர்ந்த செய்தி.

சென்னைக்கும் இக்கலைக்கும் உறவு உண்டு. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் பிராட்வேயில் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடி. அங்கு மரச்செதுக்கும் கற்பிக்கப்பட்டது. ஒருபுறம் இப்பள்ளி, மறுபுறம், பாரிமுனையை ஒட்டிய குஜிலிக் கடைகளில் விற்ற காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள். இப்புத்தகங்களின் முகப்புகளில் மரச்செதுக்குப் படங்களைக் காணலாம். ஒரு கதைக்குச் செதுக்கிய அரசன் வேறொரு கதைக்கும் அரசனாக வருவான். கட்டை ஒன்று, கதை பல. கற்றோர் இவற்றை நெடுநாள் பொருட்படுத்தவில்லை, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' (2004) வந்தபின்னரே நம்மில் பலர் இவற்றைத் திரும்பிப் பார்த்தோம்.

இனி நம் வட்டாரத்து விளையாட்டுப் பொருள்களைக் காண்போம். 1856இல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரத்தில் தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விடாத சிறுவர் அரியர். அதற்கு வேண்டிய பெட்டிக்கும் குறைவில்லை. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. ரயில் நிலையமும் இன்றைய மெட்ரோ நிலையமும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. அக்காலத் தீப்பெட்டி மெல்லிய மரச்சீவலால் ஆனது; ஓரத்தை நகத்தால் கீறினால் நார் நாராக வரும். காசிமேட்டுப் பிள்ளைகள் மூன்று குச்சிகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரம் செய்து தேங்கிய நீரில் விடுவார்கள். கடலில் இப்போது கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. பொம்மைக் கட்டுமரமும் அரிதாயிற்று. எண்ணூர்ப் பக்கம் நுங்கு வண்டி. எங்கும் பம்பரம், காற்றாடி. மாஞ்சா நூல் கழுத்தறுத்து உயிர்கள் போனதை நாம் மறக்கவியலாது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடெங்கும் தடை விதித்தது. காற்றாடியைச் செதுக்கிய மாணவர் அதன் நூலைச் செதுக்காது விட்டுவிட்டார். காரணம் கேட்டோம்; அவர் தெருவில் நடந்தது என்று மட்டும் சொன்னார். மேலே கேட்கவில்லை.

வீட்டினுள் பெண்மக்களுக்குச் செப்புச் சாமானும் மரப்பாச்சியும். மரப்பாச்சி செஞ்சந்தனத்தில் செய்வது. நம் வீடுகளில் கொலு இல்லை. எனினும் மரப்பாச்சி இருந்தது. எங்கள் நன்னாவிடம் இருந்த மரப்பாச்சிக்கு மூக்கு தேய்ந்து, கண் மறைந்து, முகமே ஒரு வழவழப்பாகி இருந்தது. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அதன் தலையைக் கடித்துப் பல் முளைத்தவர்கள். வீடு மாற்றியபோது அது எங்கோ தவறிப்போயிற்று. இன்று அதன் உருவை நினைவிலிருந்து வரையச் சொன்னால் எங்கள் வீட்டில் நால்வர் நான்கு விதமாக வரைகிறார்கள்.

செய்முறைக்கு வருவோம்.

முதலில் பலகை. மரத்தை நீளவாட்டில் அறுத்த பலகையில் செதுக்குவது ஒரு முறை; குறுக்காக அறுத்த முகத்தில் செதுக்குவது மற்றொரு முறை. பின்னதில் மயிரிழை நுண்மையும் வரும். இங்கிலாந்தின் தாமஸ் பெவிக் (1753-1828) அதில் புகழ்பெற்றவர். ஆனால் அதற்கு மிகக் கடினமான, நெருங்கிய இழையுள்ள மரம் வேண்டும், விலையும் மிகும். கற்போருக்கு நீளவாட்டுப் பலகையே ஏற்றது. ஜப்பானியர் காட்டுச் செர்ரி மரத்தைக் கொண்டனர். நமக்கு வெட்பாலை கிடைத்தால் நன்று. சன்னபட்டணத்துப் பொம்மைகள் இம்மரத்தில் கடையப்படுவன, இழை மென்மையானது. கிடைக்காவிடின் மாம்பலகை போதும். ஒட்டுப்பலகை மலிவு, ஆனால் மேலடுக்கு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கோட்டைக் கெடுக்கும்.

துறைமுக வட்டாரத்தில் வாழ்வோர்க்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. கப்பலில் சரக்கோடு வரும் பைன் மரப் பெட்டிகளின் பலகைகள் பழைய மரக்கடைகளில் எடைக்குக் கிடைக்கும். பைனில் மென்மையான பட்டையும் கடினமான பட்டையும் மாறி மாறி ஓடும். கம்பித் தூரிகையால் இழையின் போக்கில் அழுத்தித் தேய்த்தால் மென்பட்டை தாழ்ந்து வன்பட்டை மேடாக நிற்கும். மை பூசி ஒற்றினால் வரிவரியாக விழும். பொம்மைக் கட்டுமரத்தைச் செதுக்கிய மாணவி ஒருவர் நீருக்கென ஒரு கோடும் செதுக்கவில்லை. பெட்டிப் பலகையின் இழையே அலையாயிற்று. ஆணித் துளை இரண்டு வெண்புள்ளிகளாக விழுந்தன. அவற்றை அடைக்க வேண்டாம் என்றோம்.

பலகையை இழைத்து உப்புத்தாளால் தேய்த்தபின், படத்தை மெல்லிய தாளில் வரைந்து, தாளைப் புரட்டிவைத்து, கார்பன் தாள் கொண்டு பலகையில் ஏற்றுக. புரட்ட மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாமே சான்று. தீப்பெட்டி ரயிலின் கீழ் 'ராயபுரம்' என்று நேராகவே எழுதி இரண்டு மாலைப்பொழுதுகள் செதுக்கினோம். ஒற்றி எடுத்தபோது மாணவர்கள் மரியாதை கருதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

எழுத்தைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழும் அரபியும் ஒரே பலகையில் வருமாயின், பலகையில் தமிழ் வலமிருந்து இடமாகவும் அரபி இடமிருந்து வலமாகவும் ஓடும். தாளில் இரண்டும் தத்தம் திசைக்கு மீளும். அரபு எழுத்துக்குக் கட்டை அச்சு அயலானதன்று. ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டு வரை எகிப்தில் திருவசனங்களும் துஆக்களும் கட்டை அச்சில் சிறு தாள்களில் அச்சிடப்பட்டு, மடித்துத் தாயத்துக் கூட்டில் அணியப்பட்டன. தகரத்தில் வார்த்தோ மரத்தில் செதுக்கியோ செய்த அவ்வச்சுக்குத் 'தர்ஷ்' என்று பெயர். வியன்னா, கேம்பிரிட்ஜ் நூலகங்களில் அவற்றுட் சில இருக்கின்றன. கூட்டன்பர்க்கிற்கு முந்தியவை இவை. நம் அரபுத்தமிழ் நூல்களோ பெரும்பாலும் கல்லச்சில் வந்தவை. அங்கு எழுதுவோர் கையெழுத்தே அச்சாயிற்று.

செதுக்கும்போது உளியை எப்போதும் உடலுக்குப் புறம்பாகத் தள்ளுக. பலகையைப் பிடிக்கும் கை உளியின் முன்னே வரலாகாது. முதலில் கோட்டின் இருமருங்கும் கூர்கத்தியால் சாய்வாகக் கீறிக்கொள்ள வேண்டும். பின் வாய் குழிந்த நகவுளியால் இடைப்பட்ட மரத்தை அள்ள வேண்டும். கோட்டின் அடிப்பகுதி அகன்று மேற்பகுதி குறுகி, கடற்கரை மணல்மேடு போல் நிற்பது நல்லது. செங்குத்தாக நிற்கும் கோடு அழுத்தத்தில் ஒடியும். மரப்பாச்சி போன்ற கரிய திரண்ட உருவுக்கு இம்முறை வேண்டா. உருவம் முழுதும் மேடாக விட்டு, கைக்கும் ஆடை மடிப்புக்கும் சில கீறல்கள் இட்டால் போதும். கீறல் குறையக் குறைய மரப்பாச்சி மரப்பாச்சியாகவே இருக்கும்.

மைக்கு ஆஃப்செட் அச்சகங்களில் டப்பாவின் அடியில் எஞ்சும் மை போதும். கண்ணாடித் தகட்டில் சிறிதே இட்டு ரப்பர் உருளையால் பரப்பி, உருளை 'சரசர' என ஒலிக்கத் தொடங்கியதும் பலகையில் உருட்டுக. மிகுந்தால் பள்ளத்தில் இறங்கிவிடும். மெல்லிய தாளை மேல்வைத்து எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று தாள்கள் வெளிறியே வரும். புதுமரம் மையைக் குடிக்கும். வண்ணம் இரண்டாயின் பலகையும் இரண்டு. தாள் ஒரே இடத்தில் அமரப் பலகையின் மூலையிலும் ஓரத்திலும் சிறு வெட்டு இட்டுத் தாளை அதில் முட்டுக் கொடுக்கும் ஜப்பானியர் முறை மிக எளிது.

பம்பரத்தில் ஒரு மாணவர் செய்த சோதனை குறிப்பிடத்தக்கது. செதுக்காமல் பம்பரத்தின் உடம்பிலேயே மை பூசித் தாளில் உருட்டினார். நேர்கோடாக ஓடும் என்று எதிர்பார்த்தோம். கூம்பு ஆதலின் அது வில்லாக வளைந்து ஓடியது. எதிரிப் பம்பரங்களின் ஆணி பட்ட ஆக்கர்கள் எல்லாம் வெண்புள்ளிகளாக விழுந்திருந்தன. ஆடுகளத்தில் பிறர் ஏற்கெனவே செதுக்கி வைத்த கட்டை அது.

இப்படங்களைத் துறை அறையில் ஒட்டி வைத்தபோது, பெரியவர் ஒருவர், "உருவம் பொறிப்பது கூடுமா தம்பி?" என்று கனிவோடு வினவினார். வினா முறையானதே. மரப்பாச்சி செதுக்கிய மாணவி அன்று மாலை தம் தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பணி. நாம் கற்றதை மட்டும் சொல்லலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதை நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அவற்றினிடையே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதையும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை உண்டென நீங்கள் கேட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி கூற அவர்கள் வாய்விட்டுச் சிரித்ததையும் அபூதாவூத் தொகுப்பு பதிந்துள்ளது. குழந்தைகளின் பொம்மைக்கு இதைச் சான்றாகக் கொள்வோர் பலர்; சுவரில் தொங்கவிடும் படத்துக்கு இது பொருந்துமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதையும் மறைக்கலாகாது. பெரியவரிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பம்பரப் படத்தைப் பார்த்திருந்துவிட்டு, தம் காலத்தில் சாட்டையை எந்த விரலில் சுற்றுவார்கள் என்று காட்டினார்.

அம்மாணவி மறுவாரம் புதுப்பலகையோடு வந்தார். இம்முறை மரப்பாச்சிக்கு முகத்தில் ஒரு கீறலும் இடவில்லை. படத்தைக் கண்டதும் எங்கள் நன்னாவின் தேய்ந்த மரப்பாச்சி நினைவுக்கு வந்தது. அவர் அதைப் பார்த்தவர் அல்லர்.

கட்டைகள் துறை அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் பன்னிரண்டு தாள்கள் எடுத்துப் பென்சிலால் எண்ணிட்டுள்ளோம். மண்ணெண்ணெயில் துடைத்து, செல் அரிக்காமலிருக்க வேப்பிலையிட்டு, முகம் உரசாதவாறு இடையே செய்தித்தாள் வைத்து அடுக்கியிருக்கிறோம். நுங்கு வண்டிக் கட்டை மட்டும் இன்னும் முற்றுப்பெறவில்லை. அதன் கவைக்குச்சி எப்பக்கம் வளைந்திருக்கும் என்பதில் இரண்டு மாணவர்க்கு உடன்பாடு ஏற்படவில்லை. எண்ணூரில் அதை ஓட்டியவர்கள் எவரேனும் துறைக்கு வந்து காட்டினால் நன்றியுடையோம்.