அவதாரம் (மெய்நிகர் உலகம்)

மெய்நிகர் உலகம் என்பது கணினியால் உருவாக்கப்பட்டு, பலர் ஒரே நேரத்தில் இணையம் வழியாக நுழைந்து உலாவக்கூடிய கற்பனை வெளி ஆகும். அவ்வெளியில் ஒரு பயனருக்குப் பதிலாக நின்று, அவருடைய கட்டளைப்படி நடந்து, பேசி, செயற்படும் உருவம் அவதாரம் எனப்படுகிறது. கணினி விளையாட்டுகள், இணைய அரட்டை அரங்குகள், முப்பரிமாண மெய்நிகர் உலகங்கள் ஆகியவற்றில் அவதாரங்கள் பயன்படுகின்றன. 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த ஒரு திருமணத்தின் வரவேற்பு மெய்நிகர் உலகில் நடத்தப்பட்டது. அதில் மணமகளின் மறைந்த தந்தையும் அவதாரமாகத் தோன்றினார். உயிருடன் இல்லாத ஒருவரின் அவதாரத்தை யார் உருவாக்கலாம், அது எதனைச் சொல்லலாம் என்னும் கேள்விகளைத் தமிழ்ச் சூழலில் எழுப்பிய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

சொற்பொருள்

அவதாரம் என்பது 'கீழிறங்கி வருதல்' என்னும் பொருள் கொண்ட வடசொல். சமய வழக்கில், இறைவன் ஓர் உடல் தாங்கி மண்ணுலகிற்கு வருவதை இது குறிக்கும்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலையின் தலபுராணம் இப்பொருளை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டு ஆகும். இராவணனை வென்று திரும்பிய இராமன் இங்கு சிவபெருமானை வழிபட விரும்பினான். பூசைக்குரிய கங்கை நீரைக் கொண்டுவரச் சென்ற அனுமன் வரத் தாமதமாகவே, இராமன் மலை மீது அம்பு எய்து நீரை வரவழைத்தான். அதுவே இராமர் தீர்த்தம் என்பர். பின்னர் வந்த அனுமன் வீசியெறிந்த நீர் விழுந்த இடம், தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள அனுமன் தீர்த்தம் என்பதும் அப்புராணத்தின் கூற்று.

இக்கதையில் இராமன் திருமாலின் அவதாரம். ஆயினும் அவன் பூசை நேரத்திற்குக் கட்டுப்படுகிறான், நீருக்காகக் காத்திருக்கிறான், வில்லைக் கொண்டே செயற்படுகிறான். தான் இறங்கிய உலகின் வரம்புகளை ஏற்றுக்கொள்வது அவதாரத்தின் இயல்பு. கணினி அவதாரத்துக்கும் இது பொருந்தும். மெய்நிகர் உலகை உருவாக்கியவர்கள் பறப்பதற்கு வழி வைத்திருந்தால் பயனர் பறக்கலாம். கதவைத் திறக்க வழி வைக்காவிடில் எவ்வளவு முயன்றாலும் அதைத் திறக்க இயலாது. திசை மட்டுமே இங்கு மாறுகிறது. புராணத்தில் உடலற்ற ஒன்று உடல் எடுக்கிறது. கணினியிலோ உடல் உள்ள ஒருவர் அதனை நாற்காலியில் விட்டுவிட்டு உருவமாக உள்ளே செல்கிறார்.

கணினித் துறையில் இச்சொல் 1980களில் புழக்கத்திற்கு வந்தது. ரிச்சர்டு கேரியட் உருவாக்கி 1985 இல் வெளிவந்த 'அல்டிமா 4' என்னும் கணினி விளையாட்டில், அறப்பண்புகளில் தேர்ச்சி பெற்று 'அவதார்' நிலையை அடைவதே ஆட்டக்காரரின் குறிக்கோள். லூக்காசுபிலிம் கேம்ஸ் நிறுவனத்தின் 'ஹாபிட்டாட்' என்னும் இணைய உலகில், பயனரின் திரை உருவத்துக்கே இப்பெயர் வழங்கப்பட்டது. நீல் ஸ்டீவன்சன் 1992 இல் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' புதினம் இச்சொல்லைப் பரவலாக்கியது. 'மெட்டாவர்ஸ்' என்ற சொல்லும் அப்புதினத்தின் வழியாகவே வந்தது. இதனைத் தமிழில் மீவெளி எனலாம்.

வரலாறு

தொடக்க கால மெய்நிகர் உலகங்களில் படங்கள் இல்லை. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் உலகம் முற்றிலும் எழுத்தால் ஆனது. அறை எப்படி இருக்கிறது, யார் நிற்கிறார் என்பவற்றைத் திரையில் தோன்றும் சொற்றொடர்கள் கூறும். பயனரும் சொற்களைத் தட்டச்சு செய்தே நடப்பார், பேசுவார்.

1986 இல் சோதனை ஓட்டத்துக்கு வந்த ஹாபிட்டாட், காமடோர் 64 கணினியில் தொலைபேசி இணைப்பு வழியாக இயங்கியது. இதில் பயனர்கள் கேலிச்சித்திரம் போன்ற இருபரிமாண உருவங்களாகத் தோன்றினர்.

2003 இல் லிண்டன் லேப் நிறுவனம் 'செகண்ட் லைஃப்' என்னும் முப்பரிமாண உலகத்தைத் தொடங்கியது. முடிக்க வேண்டிய ஆட்டமோ வெல்ல வேண்டிய எதிரியோ இதில் இல்லை. நிலம், வீடு, உடை, வணிகம், நட்பு ஆகியவையே இதன் உள்ளடக்கம். 2007 இல் மாலத்தீவும் சுவீடனும் இதில் மெய்நிகர் தூதரகங்களைத் திறந்தன. 2006 இல் வெளிவந்த 'ரோப்லாக்ஸ்', 2011 இல் முழுமையாக வெளியிடப்பட்ட 'மைன்கிராஃப்ட்' ஆகியவை சிறுவர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. 2021 அக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரை 'மெட்டா' என மாற்றிக்கொண்டது. அதன்பின் மெட்டாவர்ஸ் என்ற சொல் நாளேடுகளில் நாள்தோறும் இடம்பெறலாயிற்று.

செயற்படும் முறை

முப்பரிமாண அவதாரம் ஒன்று மூன்று அடுக்குகளால் ஆனது எனலாம்.

1. வடிவம்: சிறு சிறு பல்கோணங்களை ஒட்டி அமைத்த கூடு. கூடை முடைவதற்கு முன் கட்டும் சட்டம் போன்றது.
2. மேற்பரப்பு: அக்கூட்டின் மீது போர்த்தப்படும் படம். தோல் நிறம், சேலையின் கரை, மீசை யாவும் இதில் அடங்கும். உண்மையான ஒருவரின் சாயல் வேண்டுமாயின் அவரது ஒளிப்படங்களைக் கொண்டு முகம் அமைக்கப்படும்.
3. எலும்புச் சட்டம்: கூட்டினுள் பொருத்தப்படும் மூட்டுகளின் தொகுதி. தோற்பாவைக் கூத்தில் பாவையின் கை கால்கள் தனித்தனியே கட்டப்பட்டுக் குச்சியால் அசைக்கப்படுவது போல, இம்மூட்டுகளைக் கணினி அசைக்கும்.

பயனர் விசையை அழுத்தும்போது அவதாரத்தின் முழுப் படமும் இணையத்தில் அனுப்பப்படுவதில்லை. 'இன்னார் இந்த இடத்தில், இத்திசை நோக்கி, இந்த அசைவில் இருக்கிறார்' என்னும் சிறு தகவலே வழங்கிக் கணினிக்குச் செல்கிறது. வழங்கி அதனை மற்றவர்களின் கணினிகளுக்கு அனுப்ப, ஒவ்வொரு கணினியும் காட்சியைத் தானே வரைந்துகொள்கிறது. இதனாலேயே சாதாரணக் கைப்பேசியிலும் பலர் கூடும் அரங்கைக் காண முடிகிறது. இணைப்பின் வேகம் குறையும்போது உருவங்கள் உறைந்து நின்று, பின் திடீரென வேறிடத்தில் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

பயனர் படைப்பாக்கம்

திரைப்படத்தைப் பார்ப்பவர் அதன் காட்சியை மாற்ற இயலாது. மெய்நிகர் உலகங்களில் பார்ப்பவரே காட்சியின் ஒரு பகுதியைப் படைக்கிறார். செகண்ட் லைஃப் உலகில் உள்ள கட்டடங்கள், ஆடைகள், அணிகலன்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை பயனர்களால் உருவாக்கப்பட்டவை. அவற்றின் அறிவுசார் உரிமை படைத்தவருக்கே உரியது என 2003 இல் அந்நிறுவனம் அறிவித்தது. படைப்புகளை லிண்டன் டாலர் என்னும் மெய்நிகர் நாணயத்திற்கு விற்று, அதனை உண்மைப் பணமாக மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இப்படைப்புகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அவை வேறொருவரின் வழங்கியில் வாழ்கின்றன. கூகுள் நிறுவனம் 2008 சூலையில் தொடங்கிய 'லைவ்லி' என்னும் மெய்நிகர் உலகம் அதே ஆண்டு திசம்பர் இறுதியில் மூடப்பட்டது. அதில் பயனர்கள் அமைத்த அறைகளும் அத்துடன் மறைந்தன.

கிருஷ்ணகிரி மாவட்டத் திருமண வரவேற்பு, 2022

2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது கிருஷ்ணகிரி. தீர்த்தமலை அமைந்துள்ள அரூர் வட்டத்தை அடுத்தே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டம் உள்ளது. இம்மாவட்டத்தின் சிவலிங்கபுரம் என்னும் சிற்றூரில் 2022 பெப்ரவரி 6 அன்று ஒரு திருமணம் நடைபெற்றது. மணமகன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்தவர். மணமகள் மென்பொருள் உருவாக்குநர்.

அக்காலத்தில் கொரோனா பெருந்தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டில் திருமணங்களில் 100 பேருக்கு மேல் கூடத் தடை இருந்தது. ஊர் முழுவதையும் அழைத்துப் பந்தி வைக்கும் வழக்கமுள்ள இப்பகுதியில், உற்றாருள் யாரை அழைப்பது, யாரை விடுவது என்பது எளிய முடிவன்று. இத்தடை வரவேற்புக்குப் பொருந்தாத ஓர் இடத்தை மணமக்கள் தேர்ந்தனர். தாலி கட்டும் சடங்கு ஊரில், உறவினர் முன்னிலையில் நடந்தது. வரவேற்பு மெய்நிகர் உலகில் நடந்தது.

சென்னையைச் சேர்ந்த டார்டிவர்ஸ் என்னும் புதுநிறுவனம் இதற்கான அரங்கை அமைத்தது. ஆரி பாட்டர் கதைகளில் வரும் ஆக்வார்ட்ஸ் மாயப்பள்ளியின் கோட்டையைப் போன்று அரங்கு அமைந்திருந்தது. விருந்தினர்கள் தத்தம் இடங்களிலிருந்து கைப்பேசி, மடிக்கணினி வழியாக அவதாரங்களாக நுழைந்தனர். மேல்நாட்டுக் கோட்டைக்குள் தமிழ் மணக்கோலத்தில் மணமக்களின் அவதாரங்கள் நின்றன.

இந்நிகழ்வு உலகச் செய்தி ஊடகங்களில் இடம்பெற்றது. ஆசியாவின் முதல் மீவெளித் திருமண வரவேற்பு எனவும் சில ஊடகங்கள் இதனைக் குறிப்பிட்டன. மணமகளின் மறைந்த தந்தையின் சாயலில் அமைந்த அவதாரம் அரங்கில் தோன்றியது பெரிதும் பேசப்பட்டது. தமிழ்த் திருமணங்களில் மறைந்த பெற்றோரின் படத்துக்கு மாலையிட்டு வைப்பதும், மணமக்கள் அதன் முன் விழுந்து வணங்குவதும் பழைய வழக்கம். அவ்வகையில் இது புதியதன்று. ஆனால் படம் சுவரில் அசையாமல் இருக்கும். அதனைப் பார்ப்பவர் தம் நினைவிலிருந்தே அதற்கு உயிர் கொடுப்பார். அவதாரமோ அசைகிறது. அதனை அசைப்பது, இறந்தவர் அல்லாத வேறொருவர்.

மறைந்தோரின் அவதாரங்கள்

தமிழ்நாட்டில் இதற்கு முன்னும் பின்னும் இத்தகைய நிகழ்வுகள் உள்ளன.

- 2014 இல் வெளியான 'கோச்சடையான்' திரைப்படம் அசைவுப் பதிவுத் தொழில்நுட்பத்தில் உருவானது. 2009 இல் மறைந்த நடிகர் நாகேசின் உருவம் இதில் கணினியால் மீட்டுருவாக்கப்பட்டது.
- 2024 சனவரியில் 'லால் சலாம்' திரைப்படப் பாடல் ஒன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டன. குடும்பத்தினரின் ஒப்புதல் பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் தெரிவித்தார்.
- அதே மாதத்தில், டி. ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில், 2018 இல் மறைந்த மு. கருணாநிதி செயற்கை நுண்ணறிவால் உருவான காணொளியில் தோன்றி வாழ்த்தினார்.
- 2024 செப்டம்பரில் வெளியான 'தி கோட்' திரைப்படத்தில், 2023 இல் மறைந்த விசயகாந்தின் உருவம் இடம்பெற்றது.

பிற நாடுகளில், 2020 இல் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று, இறந்த தன் சிறுமகளைத் தாய் ஒருவர் மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து சந்திப்பதை ஒளிபரப்பியது. அது ஆறுதல் என்று சிலரும், துயரை நீட்டிப்பது என்று சிலரும் வாதிட்டனர்.

இவற்றை ஒரே தட்டில் வைக்க இயலாது. வரவேற்பில் தோன்றிய தந்தை ஒரு குடும்பத்தின் நினைவு. திரையில் தோன்றும் நடிகர் ஒரு வணிகப் படைப்பின் பகுதி. மேடையில் தோன்றும் தலைவரோ, தாம் சொல்லாத சொற்களை மக்கள் முன் சொல்கிறார். நிகழ்காலக் கருத்தொன்றை இறந்தவர் வாயில் வைக்கும்போது, அதனை மறுக்க அவர் இல்லை என்பதே இதிலுள்ள முதன்மையான சிக்கல்.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) நூல், இசை, ஒளிப்படம் முதலிய படைப்புகளைக் காக்கிறது. முகம் ஒரு படைப்பன்று. ஆதலால் ஒருவரின் ஒளிப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டு; அவரது முகச்சாயலுக்கு இச்சட்டத்தின்படி பதிப்புரிமை இல்லை.

முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படம் தொடர்பான வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரது வாழ்நாளுடன் முடிந்துவிடுகிறது, அதனை வாரிசுகள் மரபுரிமையாகப் பெற இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் இறப்புக்குப் பின் தம் தரவு உரிமைகளைச் செயற்படுத்த ஒருவரை நியமிப்பதற்கு இடமளிக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

பயனர் மீதான தாக்கம்

அவதாரம் பயனரின் நடத்தையையும் மாற்றுகிறது என ஆய்வுகள் கூறுகின்றன. நிக் யீ, செரமி பெயிலன்சன் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான அவதாரம் பெற்றவர்கள் பேரம் பேசுகையில் கூடிய துணிவுடன் நடந்துகொண்டனர். இதற்குப் புரோட்டியசு விளைவு என்று பெயர்.

அவதாரத்துக்கு நேரும் இழிவு, அதன் பின்னுள்ள மனிதரையும் புண்படுத்தும். லேம்டாமூ என்னும் எழுத்து வடிவ உலகில், ஒரு பயனர் பிறருடைய பாத்திரங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, அவர்கள் மீது பாலியல் வன்முறை நிகழ்வதாக எழுதினார். இதனைப் பற்றிச் சூலியன் டிபெல் 1993 இல் எழுதிய கட்டுரை பரவலாக அறியப்பட்டது. அந்நிகழ்வுக்குப் பின்னர் அவ்வுலகின் பயனர்கள் தமக்குள் வாக்கெடுத்து விதிகள் வகுக்கும் முறை ஏற்பட்டது. எழுத்தாலான உருவத்துக்கே இந்நிலை எனில், முகமும் குரலும் கொண்ட உருவத்தின் நிலையை எளிதில் உணரலாம். தன் முகத்துடன் அவதாரம் அமைக்கும் ஒருவர், அது யாருடைய வழங்கியில் இருக்கும், யார் அதனை இயக்க முடியும், தமக்குப் பின் அது அழிக்கப்படுமா என்பவற்றை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

இவற்றையும் பார்க்க

- மெய்நிகர் உண்மை
- செயற்கை நுண்ணறிவு
- தோற்பாவைக் கூத்து
- தீர்த்தமலை
- கிருஷ்ணகிரி மாவட்டம்