நாளை என்னும் கவலையும் ஆண்டவர் தரும் அமைதியும்



“பரீட்சை முடிந்தபின் என்ன செய்யப் போகிறாய்?” என்று வீட்டுக்கு வரும் உறவினர் எல்லாரும் கேட்கும் வயது உங்களுடையது. தேர்ச்சி கிட்டுமா? மேலே படிக்க வைப்பார்களா? அதற்குள் கலியாணப் பேச்சு எழுந்துவிடுமா? அப்பாவின் வேலை நிலைக்குமா? விடை தெரியாத இந்தக் கேள்விகளைச் சுமந்துகொண்டுதான் உங்களில் பலர் காலையில் சிற்றாலயத்தில் முழந்தாளிடுகிறீர்கள். பிற சமயத்து மாணவியரும் பரீட்சைக் காலத்தில் மாதா கெபியருகே சற்று நின்று செல்வதைக் காணாதவர் யார்?

அவ்வேளையில் நாம் செய்யும் செபம் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தம் போல அமைந்துவிடுகிறது. மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், மதிப்பெண் கேட்கிறோம். கேட்பது தவறன்று; கேட்கச் சொன்னவரே ஆண்டவர்தாம். ஆயினும், கேட்டது கிடைத்தே தீரும் என்னும் எண்ணத்தையே விசுவாசம் என்று கொண்டால், முடிவு வெளியாகும் நாளில் அந்த விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும். “எல்லாம் நல்லபடியாக முடியும்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோமே, அப்படியொரு வாக்குறுதியை நற்செய்தியில் தேடினால் கிடைக்காது. நாளைக்காகக் கவலைப்பட வேண்டாமென்று மலைப்பொழிவில் போதித்த இயேசு, ஒவ்வொரு நாளுக்கும் அதற்குரிய தொல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். தம் சமாதானத்தைச் சீடர்களுக்கு விட்டுச் செல்வதாக அவர் கூறியது எப்போது? பாடுகளுக்கு முந்திய இரவில்! அதே இரவில் ஒலிவத் தோட்டத்தில் அவரும் மனங்கலங்கினார். ஆகையால், நெஞ்சில் பயம் எழுந்தவுடன் ‘எனக்கு விசுவாசம் இல்லையோ’ என்று எந்த மாணவியும் வருந்த வேண்டாம். பயம் பாவமன்று.

அப்படியானால் கிறிஸ்து தரும் அமைதி எத்தகையது? பொருள் சொல்லி விளக்குவதைவிட ஒருவருடைய வாழ்வைக் காட்டுவது எளிது.

வியட்நாம் நாட்டில் ஹுவே நகரில் 1928இல் பிறந்தவர் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான். 1953இல் குருவானார், 1967இல் நா திராங் மறைமாவட்டத்தின் ஆயரானார். எட்டே ஆண்டுகளில் அங்கே பெரிய குருமட மாணவரின் எண்ணிக்கை 42இலிருந்து 147ஆக உயர்ந்தது. 1975 ஏப்ரல் 24இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரைச் சைகோன் நகரின் இணைப் பேராயராக நியமித்தார். ஆறே நாளில் சைகோன் வீழ்ந்தது. ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்பு விழாவன்று புதிய அரசு அவரைக் கைதுசெய்தது. அங்கியும் சட்டைப்பையிலிருந்த செபமாலையுமே அவரது உடைமைகள். வயது 47.

தீர்ப்புப் பெற்ற கைதிக்கு ஒரு வசதி உண்டு: எத்தனை ஆண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். இவருக்கோ விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. நாளையே விடுதலையா, சாகும்வரை சிறையா என்று கூற ஒருவருமில்லை. விடுதலை நாளை எதிர்பார்த்தே வாழ்வைக் கழிப்பதில்லை, கையிலுள்ள இந்த நேரத்தை அன்பினால் நிரப்புவேன் என்று அவர் முடிவு செய்தார். மக்களைச் சந்திக்க முடியாது, ஆனால் எழுதலாமே! பூசை கண்டு திரும்பிய ஏழு வயதுச் சிறுவன் ஒருவனிடம், பழைய நாட்காட்டித் தாள்களை வாங்கித் தரும்படி அவன் தாய்க்குச் சொல்லியனுப்பினார். அத்தாள்களின் பின்புறத்தில் இரவுதோறும் எழுதினார். சிறுவனின் வீட்டார் படியெடுக்க, அவை மக்களிடையே பரவின.

பின்னர் வந்தது தனிச்சிறை. மொத்தம் 13 ஆண்டுச் சிறைவாசத்தில் 9 ஆண்டு அவர் தனிமையில் கழித்தார். சில நாட்களில் செபம்கூடச் சொல்ல இயலாத அளவுக்குச் சோர்ந்துபோனதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவரை வாட்டியது பசியைவிட, தாம் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பணிகளின் நினைவே. ஓரிரவு அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. அப்பணிகள் யாவும் கடவுளுக்குரியவை. ஆனால் அவையே கடவுள் அல்ல. அவர் விரும்பினால் வேறொருவரிடம் ஒப்படைப்பார். தாம் பற்றிக்கொள்ள வேண்டியது கடவுளை. இந்தத் தெளிவு வந்தபின் சிறைக் கதவு திறக்கவில்லை. உள்ளத்தில் அமைதி வந்தது.

என் கருத்தில், நம் காலத்து மாணவிக்கு மிகவும் தேவையானது இந்த வேறுபாடுதான். டாக்டராக வேண்டும், ஆசிரியையாக வேண்டும் என்பன நல்ல ஆசைகள். அவை கடவுளின் கொடைகளாகவும் வரலாம். அவற்றையே கடவுளின் இடத்தில் வைத்துவிட்டால், அவை நழுவும்போது நமக்குப் பற்றுக்கோடே இல்லாமல் போகும். ஆனால், நாளைக்காகக் கவலைப்படாதே என்பதற்கு ‘நாளைக்காகப் படிக்காதே’ என்று பொருள் சொல்லும் சாமர்த்தியசாலிகள் எல்லா வகுப்பிலும் உண்டு! இன்றைய பாடம் இன்றைய கடமை. இரவில் படுக்குமுன், இன்று செய்ய வேண்டியதில் எதைச் செய்தேன் என்று பார்த்து, நம் கையில் இல்லாததைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்கலாம். பாரம் மிகுந்தால் அம்மாவிடமோ ஆசிரியையிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்திலேயே பூட்டிவைப்பது பக்தியாகாது.

மீண்டும் சிறைக்கு வருவோம். வயிற்றுவலிக்கு மருந்து என்று எழுதிய சிறு குப்பியில் விசுவாசிகள் திராட்சை இரசம் அனுப்பினர். உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் ஏந்தி அவர் திருப்பலி நிறைவேற்றினார். காவலர்களிடம் அன்பாகப் பேசி, அவர்களுக்கு அயல்மொழிகள் கற்பித்தார். மரம் வெட்டும் வேலையின்போது, காவலர் ஒருவரின் கண்சாடையான இசைவுடன் ஒரு துண்டைச் சிலுவையாகச் செதுக்கி, சோப்புக் கட்டிக்குள் ஒளித்துவைத்தார். வேறொரு சிறையில், மின்கம்பித் துண்டு கேட்டபோது காவலர் பயந்துபோனார். கைதி உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று! காரணம் அறிந்தபின் அவரே உடனிருந்து சங்கிலி செய்ய உதவினார்.

1988 நவம்பர் 21, மாதா காணிக்கை விழாவன்று விடுதலை கிடைத்தது. 2001இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். 2002 செப்டம்பர் 16இல் உரோமையில் காலமானார். அதுவரை நாள்தோறும் அவர் மார்பில் அணிந்திருந்தது அந்த மரச்சிலுவையும் மின்கம்பிச் சங்கிலியுமே.