மீண்டு வந்த பேரரசனும் மாகாண நகர மக்களும்

எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன், 1815ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், ஏறத்தாழ ஆயிரம் வீரரோடு பிரான்சின் தென்கரையில் இறங்கினான். அம்மாதம் 20ஆம் நாள் அவன் பாரிசு அரண்மனையில் இருந்தான். இடையே ஒரு போரும் நிகழவில்லை. இஃது எவ்வாறு இயன்றது? படைவீரரின் பற்று ஒரு காரணம். வழியிலிருந்த நகர மக்களின் மனநிலை மற்றொரு காரணம்.

கிரெனோபிள் நகரை அவன் அடைந்த இரவில் கோட்டை வாயில் அடைபட்டிருந்தது. மக்கள் கதவுகளைப் பெயர்த்து, அவற்றின் துண்டுகளை அவன் தங்கிய விடுதிக்கே சுமந்து சென்றனர். லியோனில் பட்டு நெசவாளர் ஆரவாரித்து வரவேற்றனர். அந்நகரைக் காக்க வந்த மன்னரின் தம்பி, தம் படையே பணிய மறுத்தமையால் வெளியேற நேர்ந்தது.

இவ்வரவேற்பை வெறும் தனிமனித வழிபாடு என்று கொள்ளுதல் பொருந்தாது. புரட்சியானது பிரபுக்களுக்குரிய வரிகளையும், திருச்சபைக்குரிய தசமபாகத்தையும் ஒழித்திருந்தது. திருச்சபை நிலங்களைப் பலர் விலைக்கு வாங்கியிருந்தனர். பதினெட்டாம் லூயி அரியணை ஏறியதும், இவையனைத்தும் பறிபோகுமோ என்ற அச்சம் பரவிற்று. அவ்வச்சமே நெப்போலியனுக்குத் துணையாயிற்று. ஆயினும் எல்லா நகரங்களும் ஒரே நோக்கின அல்ல. நெடும்போரால் கடல் வாணிகத்தை இழந்த மார்செய், போர்தோ ஆகிய துறைமுக நகரங்கள் மன்னர் பக்கமே நின்றன.

ஏப்ரல் இறுதியில், பிரித்தனி மாகாணத்து ரென், நாந்த் நகரங்களின் இளைஞர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். சுற்றுப்புற நாட்டுப்புறங்களில் மன்னர் ஆதரவாளர் தலையெடுப்பதைத் தடுப்பதும், உரிமைகளைக் காப்பதும் அதன் நோக்கம். 1790இல் எழுந்த கூட்டமைப்புகளை நினைவூட்டிய இவ்வியக்கம் பர்கண்டி, லியோன், துலூஸ் எனப் பரவிற்று. மாணவர், வழக்கறிஞர், கைவினைஞர் இதில் சேர்ந்தனர்.

நேயர்களே, இங்கேதான் ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். மக்களின் ஆதரவை விரும்பிய பேரரசன், ஆயுதமேந்திய மக்களை அஞ்சினான். மே 14ஆம் நாள் பாரிசுத் தொழிலாளர் அணிவகுத்து வந்து படைக்கலம் வேண்டினர். அவன் வாக்களித்தான், ஆனால் போதிய அளவில் வழங்கவில்லை. சூன் 18இல் வாட்டர்லூவில் தோற்று, நான்கு நாட்களில் முடி துறந்தான்.

அவனை ஆதரித்தோரோ தத்தம் ஊர்களிலேயே இருந்தாக வேண்டும். தென்னாட்டு நகரங்களில் வன்முறை மூண்டது, பலர் மடிந்தனர். அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டம், விசாரணையின்றிச் சிறைவைக்க இடமளித்தது. கூட்டமைப்பில் பெயர் பதிந்திருந்தோர் பலர் பதவி இழந்தனர்.

உரிமைக்குக் காவலென ஒரு மனிதனை நம்பிய மக்கள், அவன் வீழ்ந்தபோது காவலற்று நின்றனர். அந்த நூறு நாட்கள் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.